என்றைக்கும் என்று எழுதிக் கொடுத்த நிலம்: செயின்ட் லூயிஸின் பழைய நீதிமன்றம்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ளது செயின்ட் லூயிஸ் நகரம். ஆற்றங்கரையிலிருந்து சற்றே மேடேறினால் ஒரு முழுச் சதுக்கத்தை நிறைத்து நிற்கும் பழைய நீதிமன்றத்தைக் காணலாம். கிழக்கே நான்காம் தெரு, மேற்கே பிராட்வே, தெற்கே மார்க்கெட் தெரு, வடக்கே செஸ்ட்நட் தெரு என நான்கு தெருக்கள் அதற்கு எல்லை. கூட்டல் குறி போன்ற தரைவடிவம். நான்கு கைகளும் கூடும் இடத்தில் வட்ட மண்டபம். அதன்மேல் செம்புத் தகடு போர்த்த இரும்புக் குவிமாடம். 1839-இல் தொடங்கிய கட்டட வேலை 1862-இல்தான் முடிந்தது. இந்த 23 ஆண்டுகளில் கட்டடக் கலைஞர்கள் மாறினார்கள், வரைபடம் மாறியது, கட்டிய சுவர்கள் இடிக்கப்பட்டு மறுபடியும் எழுந்தன. அதே ஆண்டுகளில்தான் அமெரிக்காவின் சட்ட வரலாற்றைத் திருப்பிப் போட்ட ஒரு வழக்கும் இங்கே தொடங்கியது. ஆகவே கட்டடத்தின் கதையையும் வழக்குகளின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நிலமும் நிபந்தனையும்

செயின்ட் லூயிஸ் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த ஊர். வணிகர் பியேர் லக்லீட் இடத்தைத் தேர்ந்தெடுக்க, 1764-இல் அவரிடம் வளர்ந்த சிறுவன் ஒகுஸ்த் ஷூத்தோ ஆட்களோடு வந்து காட்டைத் திருத்தினான். சில காலம் ஸ்பெயினின் ஆட்சி நடந்தது. 1803-இல் லூசியானா நிலப்பரப்பை நெப்போலியனிடமிருந்து அமெரிக்கா வாங்கியதும் ஊர் கைமாறியது. 1812-இல் செயின்ட் லூயிஸ் கவுண்டி அமைந்தது.

கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த ஆட்சிப் பிரிவு. தமிழ்நாட்டின் மாவட்டத்தோடு ஒப்பிடலாம். அங்கே கவுண்டி நீதிமன்றம் என்றால் நீதிபதி அமரும் கூடம் மட்டுமல்ல. நிலப் பத்திரங்கள், உயில்கள், வரிக் கணக்குகள் எல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ் இருக்கும். மாவட்ட நீதிமன்றமும் பத்திரப் பதிவகமும் கருவூலமும் ஒன்றாகச் சேர்ந்ததற்குச் சமம். எனவே அது எங்கே அமைகிறதோ அங்கேதான் ஊரின் நடமாட்டமும் நிலத்தின் மதிப்பும் கூடும்.

இது ஷூத்தோவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சிறுவனாக வந்தவர் அப்போது ஊரின் பெரிய நில உடைமையாளர். அவருக்கு இணையாக நிலம் வைத்திருந்தவர் நீதிபதி ஜான் பாப்டிஸ்ட் சார்ல்ஸ் லூக்கஸ். பிரான்சின் நார்மண்டியில் பிறந்து, பென்சில்வேனியாவில் குடியேறி, அங்கிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றவர். 1805-இல் ஜனாதிபதி ஜெபர்சனால் நீதிபதியாக நியமிக்கப்பட்டு மேற்கே வந்தவர். இருவரும் 1816-இல் பழைய ஊருக்கு மேற்கே இருந்த மேட்டு நிலத்தை மனைகளாகப் பிரித்தார்கள். ஊரின் முதல் விரிவாக்கம் அதுதான். அந்த மனைகளுக்கு இடையே ஒரு சதுக்கத்தைக் கவுண்டிக்குக் கொடையாக விட்டார்கள். நிபந்தனை ஒன்றே: அந்த இடம் என்றைக்கும் செயின்ட் லூயிஸ் கவுண்டியின் நீதிமன்றம் நிற்கும் இடமாகவே இருக்க வேண்டும். கொடையில் தாராளமும் இருந்தது, கணக்கும் இருந்தது. நீதிமன்றம் வந்தால் சுற்றியுள்ள மனைகள் விலைபோகும். ஆனால் பத்திரத்தில் ஏறிய ‘என்றைக்கும்’ என்ற சொல் இரு நூற்றாண்டுகளாக இந்தக் கட்டடத்தைத் தொடர்ந்து வந்திருக்கிறது.

செங்கல் கட்டடத்திலிருந்து சிலுவை வடிவத்துக்கு

கொடையாகக் கிடைத்த சதுக்கத்தில் முதல் நீதிமன்றம் 1828-இல் எழுந்தது. செங்கல்லால் ஆன அடக்கமான கட்டடம். குடியரசின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் பரவியிருந்த பாணியைச் சேர்ந்தது. பத்து ஆண்டுகளுக்குள் அது போதாமல் போயிற்று. காரணம் நீராவிக் கப்பல்கள். மிசிசிப்பியும் மிசூரி ஆறும் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே அமைந்த ஊர் என்பதால், மேற்கே போகிற ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு மூட்டையும் அதன் துறையைத் தொட்டே போயின. 1840-இல் 16,000 பேருக்குச் சற்றே மேல் இருந்த மக்கள்தொகை 1850-இல் 77,000-ஐத் தாண்டியது. 1860-இல் 1,60,000-ஐத் தாண்டியது. ஆட்கள் கூடக் கூட நிலத் தகராறும் கடன் தகராறும் உயில் தகராறும் கூடின.

1839-இல் ஹென்றி சிங்கிள்டன் தந்த வரைபடத்தைக் கவுண்டி ஏற்றது. நான்கு திசைகளிலும் நான்கு பகுதிகள், நடுவே வட்ட மண்டபம், மேலே தாழ்ந்த ஒரு குவிமாடம். 1828-இன் செங்கல் கட்டடம் இடிக்கப்படாமல் அப்படியே கிழக்குப் பகுதியாகிவிடும். புதிதாகக் கட்ட வேண்டியவை மற்றவை மட்டும். அந்த ஆண்டு அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். மேற்குப் பகுதியும் வட்ட மண்டபமும் முதலில் எழுந்தன. 1845-இல் மண்டபம் மக்களுக்குத் திறந்தது.

சிங்கிள்டன் கையாண்டது கிரேக்க மீட்புப் பாணி. பருமனான டோரிக் தூண்கள் தாங்கும் முகமண்டபம், அதன்மேல் முக்கோண முகப்பு, அலங்காரம் குறைந்த நேர்க்கோட்டுச் சுவர்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். 1820-களில் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அமெரிக்காவில் வங்கியானாலும் சட்டமன்றமானாலும் நீதிமன்றமானாலும் இந்தப் பாணியிலேயே கட்டினார்கள். மக்களாட்சி ஏதென்சில் பிறந்தது என்றும், அதன் வாரிசு தாங்களே என்றும் அந்தத் தலைமுறை நம்பியதே காரணம். அந்த ஏதென்சிலும் அடிமைகள் இருந்தார்கள். செயின்ட் லூயிஸின் கிரேக்கத் தூண்களைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

வட்ட மண்டபம் தொடக்கத்திலிருந்தே ஊரின் பொதுக்கூடமாகப் பயன்பட்டது. 1849 மே 17 இரவு, துறையில் நின்ற ‘ஒயிட் கிளவுட்’ என்ற நீராவிக் கப்பலில் பற்றிய தீ 23 கப்பல்களையும் ஆற்றங்கரையில் 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் விழுங்கியது. அதே ஆண்டு காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. நீதிமன்றத்தைத் தீ தொடவில்லை. ஐந்து மாதம் கழித்து, அந்த அக்டோபரில், பசிபிக் கடல்வரை ரயில் பாதை போட வேண்டும் என்று கேட்கும் தேசிய மாநாடு இந்த மண்டபத்தில் கூடியது. மிசூரியின் செனட்டர் தாமஸ் ஹார்ட் பென்டன் அதில் பேசினார். மேற்கே போகும் பாதைதான் கீழை நாடுகளுக்கும் இந்தியாவுக்கும் கொண்டுசேர்க்கும் பாதை என்பது அவர் வாதம். இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் வழியில் அமெரிக்காவைக் கண்டார். மூன்றரை நூற்றாண்டு கழித்தும் அமெரிக்காவின் நடுவே நின்ற ஓர் அரசியல்வாதி இந்தியாவுக்கே வழி காட்டிக்கொண்டிருந்தார்.

படிக்கட்டில் ஏலம், உள்ளே விடுதலை வழக்கு

மிசூரி 1821-இல் அடிமைமுறையை ஏற்ற மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இல்லினாய் மாநிலம். அங்கே சட்டப்படி அடிமைமுறை இல்லை. இந்த எல்லை நிலை நீதிமன்றத்தின் வேலையில் நேரடியாகத் தெரிந்தது.

ஒருவர் கடனோடு இறந்தால், அல்லது வாரிசுகளுக்குச் சொத்தைப் பிரிக்க வேண்டியிருந்தால், நீதிமன்ற உத்தரவின்படி சொத்து ஏலத்துக்கு வரும். அடிமைகள் சட்டத்தின் கண்ணில் சொத்து. எனவே வண்டி, குதிரை, கட்டில் ஆகியவற்றைப் போலவே ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நீதிமன்றத்தின் கிழக்குப் படிக்கட்டில் ஏலம் போனார்கள். அந்தக் காட்சியைத் தாமஸ் சாட்டர்வைட் நோபிள் என்ற ஓவியர் பிற்காலத்தில் பெரிய ஓவியமாகத் தீட்டினார்.

அதே கட்டடத்துக்குள் இன்னொன்றும் நடந்தது. தன்னைச் சட்டவிரோதமாக அடிமையாக வைத்திருக்கிறார்கள் என்று கருதும் எவரும் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம் என்று மிசூரிச் சட்டம் அனுமதித்தது. 1824-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனுதாரரை ஏழை வாதியாக ஏற்று, கட்டணமின்றி வழக்கறிஞரை நீதிமன்றமே அமர்த்தும். வழக்கின் வடிவம் வினோதமானது. ‘நான் சுதந்திரமானவன், இவர் என்னை அடித்தார், முறையின்றி அடைத்து வைத்தார்’ என்று எசமானர்மீது அத்துமீறல் வழக்குத் தொடுக்க வேண்டும். எசமானர் ‘இவர் என் அடிமை’ என்று பதில் சொன்னால், அது உண்மையா என்பதே வழக்கின் கேள்வியாகிவிடும்.

செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் இப்படி ஏறத்தாழ 300 வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. பலவற்றில் வாதம் ஒன்றே: அடிமைமுறை இல்லாத மண்ணில் எசமானர் தங்களை வைத்திருந்தார், அப்போதே அடிமைத்தளை அறுந்துவிட்டது. 1824-இல் வின்னி என்ற பெண்ணின் வழக்கில் மிசூரி உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றது. 1836-இல் ரேச்சல் என்ற பெண்ணின் வழக்கில் இன்னும் ஒரு படி போனது. அவரை வைத்திருந்தவர் ராணுவ அதிகாரி. பணி உத்தரவின்படி வடக்கே போனதால் அடிமையையும் கூட்டிப்போக நேர்ந்தது என்று அவர் தரப்பு வாதிட்டது. பணிக்குப் போகச் சொன்னது அரசு, அடிமையைக் கொண்டுபோகச் சொன்னது யார் என்பதே நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ரேச்சல் விடுதலையானார். ஒருமுறை சுதந்திரமானவர் என்றும் சுதந்திரமானவரே என்ற விதி மிசூரியில் இப்படி வேரூன்றியது.

ட்ரெட் ஸ்காட், ஹேரியட் ஸ்காட்

ரேச்சலின் கதைக்கு ஏறக்குறைய அச்சாக ஒத்த கதை ட்ரெட் ஸ்காட்டினுடையது. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். பீட்டர் புளோ என்பவரின் குடும்பத்தோடு 1830-இல் செயின்ட் லூயிஸ் வந்தார். பின்னர் ராணுவ மருத்துவர் ஜான் எமர்சன் அவரை வாங்கினார். மருத்துவரின் பணி காரணமாக 1833-இல் இல்லினாயில் இருந்த கோட்டைக்கும், 1836-இல் இன்றைய மின்னசோட்டாவில் உள்ள ஸ்னெல்லிங் கோட்டைக்கும் ஸ்காட் கொண்டுபோகப்பட்டார். இரண்டும் அடிமைமுறை தடைசெய்யப்பட்ட மண். ஸ்னெல்லிங் கோட்டையில் ஹேரியட் ராபின்சனை மணந்தார். இலைசா, லிசி என்று இரண்டு பெண் குழந்தைகள். எமர்சன் 1843-இல் இறந்தார். அதன்பின் அவர்கள் விதவை ஐரின் எமர்சனின் உடைமை என்றே நடத்தப்பட்டார்கள்.

1846 ஏப்ரல் 6 அன்று ட்ரெட்டும் ஹேரியட்டும் தனித்தனியே மனுக் கொடுத்தார்கள். முன்தீர்ப்புகள் எல்லாம் அவர்கள் பக்கம். எளிதில் முடிந்திருக்க வேண்டிய வழக்கு.

முதல் விசாரணை 1847 ஜூன் 30 அன்று, மேற்குப் பகுதியின் நீதிமன்றக் கூடத்தில் நடந்தது. நீதிபதியின் பெயர் அலெக்சாண்டர் ஹாமில்டன். அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரின் பெயரே இவருக்கும், ஆனால் இவர் வேறொருவர். ஸ்காட்டுகளைக் கூலிக்கு அமர்த்தியிருந்த சாமுவேல் ரசல் சாட்சி சொன்னார். குறுக்கு விசாரணையில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. ஐரின் எமர்சனிடம் பேசி ஏற்பாடு செய்தவர் ரசலின் மனைவி. ரசல் பணம் மட்டுமே கொடுத்தவர். எனவே அவர்கள் ஐரினுக்கு உரியவர்கள் என்று அவர் சொன்னது செவிவழிச் சாட்சியமாகிவிட்டது. ஐரின் தங்களை அடிமையாக வைத்திருக்கிறார் என்று நிரூபிக்கப்படவில்லை என்பதால் ஸ்காட்டுகள் தோற்றார்கள். யாருடைய அடிமைகள் என்று நிரூபணமாகாததால் அவர்கள் அடிமைகளாகவே நீடித்தார்கள்.

மறுவிசாரணைக்கு உத்தரவு கிடைத்தது. 1849-இன் தீயும் காலராவும் நீதிமன்ற வேலையை நிறுத்திப்போட, மறுவிசாரணை 1850 ஜனவரியில்தான் வந்தது. இம்முறை ரசலின் மனைவியின் வாக்குமூலம் பதிவாகியிருந்தது. ஜூரி ஸ்காட் பக்கம் தீர்ப்பளித்தது. இந்தக் கட்டடத்துக்குள் ட்ரெட் ஸ்காட் வென்றார் என்பது பலரும் மறந்துபோகும் உண்மை.

வழக்கு நடந்த காலத்தில் ஸ்காட்டுகளை வேலைக்கு அமர்த்திக் கிடைத்த கூலி ஷெரிப்பின் பொறுப்பில் சேர்ந்துகொண்டிருந்தது. ஐரின் எமர்சன் தரப்பு மேல்முறையீடு செய்தது. 1852 மார்ச்சில் மிசூரி உச்ச நீதிமன்றம், காலம் மாறிவிட்டது என்ற காரணத்தைச் சொல்லி, தானே 28 ஆண்டுகள் கட்டிக்காத்த விதியைக் கைவிட்டது. நீதிபதி ஹாமில்டன் கேம்பிள் மட்டும் மாறுபட்டார். முன்தீர்ப்பு என்பது ஆள் மாறும்போது மாறக்கூடாது என்பது அவர் நிலை.

அதன்பின் வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. 1854-இல் நடந்த அந்த விசாரணை இதே ஊரில்தான், ஆனால் வேறு கட்டடத்தில். அங்கிருந்து வாஷிங்டன். 1857 மார்ச் 6 அன்று தலைமை நீதிபதி ராஜர் டானி தீர்ப்பை வாசித்தார். ஏழு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். ஆப்பிரிக்க வம்சாவளியினர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது, எனவே அந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவே ஸ்காட்டுக்கு உரிமையில்லை. ஒன்றியத்தின் ஆட்சிப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கும் அதிகாரமில்லை. இந்த இரண்டு முடிவுகளும் வடக்கு மாநிலங்களைக் கொதிக்க வைத்தன. நான்கே ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. டானியின் முதல் முடிவைப் போருக்குப் பின் 1868-இல் வந்த 14-ஆம் திருத்தம் அழித்தது.

ஸ்காட் குடும்பத்தின் கதை இந்தக் கட்டடத்திலேயே முடிந்தது. ஐரின் மறுமணம் செய்துகொண்டிருந்தார். புதுக் கணவர் கால்வின் சாபி, மாசசூசெட்சைச் சேர்ந்த அடிமை ஒழிப்பு ஆதரவாளர், நாடாளுமன்ற உறுப்பினர். தன் மனைவி அடிமைகளை உடையவர் என்ற செய்தி அவருக்குத் தீராத தலைகுனிவாயிற்று. மிசூரியின் குடிமகன் ஒருவரே அங்கே அடிமையை விடுவிக்க முடியும் என்பதால், பழைய எசமானரின் மகன் டெய்லர் புளோவுக்கு ஸ்காட் குடும்பம் மாற்றி எழுதப்பட்டது. 1857 மே 26 அன்று, செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில், அவர் நால்வரையும் விடுவித்தார். ஷெரிப்பிடம் சேர்ந்திருந்த கூலிப் பணம் ஐரினுக்குப் போனது. ட்ரெட் ஸ்காட் ஊரில் ஒரு விடுதியில் சுமைப் பணியாளராக இருந்தார். சுதந்திரமாக வாழ்ந்தது ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு. 1858 செப்டம்பர் 17 அன்று காசநோயால் இறந்தார். ஹேரியட் 1876 வரை வாழ்ந்தார்.

அவர்கள் வழக்கு நடந்த கூடம் இப்போது இல்லை. 1855-இல் கட்டடத்தைத் திருத்தியபோது அதன் ஊடே சுவர்கள் எழுப்பி நடைவழி அமைத்துவிட்டார்கள். அந்த வழக்கு எவ்வளவு பெரிதாகும் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

இரும்புக் குவிமாடம்

அந்தத் திருத்தங்களைச் செய்தவர் ராபர்ட் மிட்சல். 1851-இல் பொறுப்பேற்ற அவர் சிங்கிள்டனின் சிக்கனத்தைக் கைவிட்டார். கிழக்குப் பகுதியாகப் பயன்பட்டுவந்த 1828-இன் செங்கல் கட்டடத்தை இடித்துவிட்டு, முகமண்டபத்தோடு புதிய கிழக்குப் பகுதியை எழுப்பினார். ஆற்றிலிருந்து வருபவர் கண்ணில் முதலில் படும் பக்கம் அது. வடக்கு, தெற்குப் பகுதிகளும் அந்தப் பத்தாண்டில் தொடங்கின. நான்கு பெரும் பகுதிகளுக்கு நடுவே சிங்கிள்டனின் தாழ்ந்த குவிமாடம் அமுங்கித் தெரிந்தது.

1859-இல் வில்லியம் ரம்போல்ட் வந்தார். பழைய குவிமாடத்தை எடுத்துவிட்டு, ரோமின் புனித பேதுரு பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்ட உயர்ந்த குவிமாடத்தை வைக்க அவர் முன்வந்தார். இங்கேதான் பொறியியல் சிக்கல். கல்லாலோ செங்கல்லாலோ ஆன குவிமாடம் தன் எடையால் கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கப் பருத்த சுவர்களோ சுற்றிக் கட்டும் சங்கிலிகளோ வேண்டும். மைக்கலாஞ்சலோவின் குவிமாடத்துக்கே பின்னாளில் இரும்புச் சங்கிலிகள் போட வேண்டியிருந்தது. செயின்ட் லூயிஸின் வட்ட மண்டபச் சுவர்களோ சிங்கிள்டனின் சிறு குவிமாடத்துக்காகக் கட்டப்பட்டவை.

ரம்போல்டின் விடை இரும்பு. வார்ப்பிரும்பும் தேனிரும்பும் கலந்து விலா எலும்புகள் போன்ற வளைவுகளைச் செய்து, அவற்றைக் கிடையாக ஓடும் வளையங்களால் பிணைத்தார். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் உடையும். தேனிரும்பு இழுவையைத் தாங்கும். இரண்டையும் இடமறிந்து வைத்தால் பக்கவாட்டுத் தள்ளலைச் சட்டகமே தன்னுள் அடக்கிக்கொள்ளும். சுவர் சுமப்பது செங்குத்து எடையை மட்டுமே. அதுவும் கல் குவிமாடத்தின் எடையில் ஒரு சிறு பங்கு. வெளிப்புறம் செம்புத் தகடு. இதே காலத்தில் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு தாமஸ் வால்டர் இரும்புக் குவிமாடம் எழுப்பிக்கொண்டிருந்தார். அதன் உச்சியில் சிலை ஏறியது 1863 டிசம்பரில். செயின்ட் லூயிஸின் வேலை 1862-இலேயே முடிந்துவிட்டது. சுமார் 190 அடி உயர்ந்த நீதிமன்றம் 1894-இல் யூனியன் ரயில் நிலையம் எழும்வரை மிசூரியின் மிக உயரமான கட்டடமாக இருந்தது.

தூய்மை நாடும் கட்டடக் கலை ஆய்வாளர்களுக்கு இந்தக் கட்டடம் சற்றே சங்கடம் தரும். கீழே நிற்பது ஏதென்ஸ், மேலே அமர்ந்திருப்பது மறுமலர்ச்சிக் கால ரோம். கிரேக்கர்கள் குவிமாடம் கட்டியவர்கள் அல்லர். ஆனால் மூவர் கைபட்டு, இடைவிடாமல் திருத்தப்பட்டு வளர்ந்த கட்டடத்துக்கு இந்தக் கலவைதான் நேர்மையான வரலாறு.

வட்ட மண்டபத்தின் ஓவியங்கள்

குவிமாடத்தின் உட்புறத்தில் ஓவியம் தீட்ட 1862-இல் கார்ல் வைமர் அமர்த்தப்பட்டார். ஜெர்மனியில் பிறந்து சிறுவயதில் செயின்ட் லூயிஸுக்கு வந்தவர். மிசூரி ஆற்றின் மேல்பகுதிகளுக்குப் பயணம் செய்து செவ்விந்தியர்களின் வாழ்வைத் தீட்டியவர். தாய் ஒன்று, தந்தை வேறான சகோதரர் ஆகஸ்ட் பெக்கர் துணை நின்றார். அரைவட்ட வடிவில் நான்கு பெரிய காட்சிகள்: ஸ்பானியர் டி சோட்டோ மிசிசிப்பியைக் காண்பது, 1764-இல் லக்லீட் கரையிறங்குவது, 1780-இல் ஊர்மீது நடந்த தாக்குதல், ராக்கி மலையின் கோச்சடோப்பா கணவாய். நான்கையும் வரிசையாகப் பார்த்தால் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிய ஒரே நகர்வு தெரியும். பென்டன் அதே மண்டபத்தில் பேச்சால் காட்டிய திசையை வைமர் வண்ணத்தால் காட்டினார். காசநோயால் தளர்ந்திருந்த அவர் வேலை முடிந்த அந்த ஆண்டே, முப்பத்து நான்கு வயதில் இறந்தார்.

ஓவியங்களுக்கு நல்ல காலம் வாய்க்கவில்லை. சுவரில் ஏறிய ஈரமும் விளக்குப் புகையும் அவற்றைக் கெடுத்தன. 1880-இல் எத்தோரே மிராகோலி என்ற இத்தாலியர் சில உருவங்களை மறைத்துத் தன் உருவங்களைத் தீட்டினார். 1888-இல் பெக்கர் திரும்பி வந்து வைமரின் காட்சிகளைச் சீர்செய்தார். இருபதாம் நூற்றாண்டிலும் திருத்தங்கள் தொடர்ந்தன. இன்று தெரிவது பல கைகளின் வேலை.

வர்ஜீனியா மைனர்

அடிமைமுறை ஒழிந்தபின் குடியுரிமை என்றால் என்ன என்ற கேள்வி இதே கட்டடத்துக்கு மறுபடியும் வந்தது. 1872 அக்டோபரில் வர்ஜீனியா மைனர் என்ற பெண்மணி வாக்காளராகப் பதிவுசெய்யப் போனார். பெண் என்ற காரணத்தால் பதிவாளர் ரீஸ் ஹேப்பர்செட் மறுத்தார். அமெரிக்காவில் பிறந்த அனைவரும் குடிமக்கள் என்று 14-ஆம் திருத்தம் சொல்கிறது. குடிமகள் என்றால் வாக்கும் உண்டு என்பது மைனரின் வாதம். மணமான பெண் தன் பெயரில் மட்டும் வழக்குத் தொடுக்க முடியாது என்பதால், வழக்கறிஞரான கணவர் பிரான்சிஸ் மைனரும் வாதியாகச் சேர்ந்தார். பழைய நீதிமன்றத்தில் தோல்வி. மிசூரி உச்ச நீதிமன்றத்தில் தோல்வி. 1875-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: பெண்கள் குடிமக்களே, ஆனால் குடியுரிமை வாக்குரிமையைத் தராது. பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19-ஆம் திருத்தம் 1920-இல்தான் வந்தது.

ஸ்காட் குடிமகனே அல்லர், ஆகவே உரிமை இல்லை. மைனர் குடிமகள்தான், ஆனாலும் உரிமை இல்லை. முப்பது ஆண்டுக்குள் ஒரே கூரையின் கீழ் தொடங்கிய இரண்டு வழக்குகளும் தோற்றன. இரண்டையும் மாற்ற அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

கவுண்டி வெளியேறியது, நீதிமன்றமும் வெளியேறியது

1876-இல் நகரமும் கவுண்டியும் பிரிய வாக்களித்தன. பிரிவு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. செழித்த நகரம், விவசாயம் செய்யும் புறநாட்டுக்காகத் தன் வரிப்பணம் போகிறது என்று எண்ணியது. கவுண்டி கிளேட்டன் என்ற இடத்தில் தனக்குப் புதிய தலைமையிடம் அமைத்துக்கொண்டது. நீதிமன்றக் கட்டடம் நகரத்தின் கைக்கு வந்தது. கவுண்டிக்காகக் கொடுக்கப்பட்ட நிலத்தில் கவுண்டியின் ஆட்சி அதோடு முடிந்தது. பின்னாளில் மோட்டார் வாகனம் வந்து மக்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தபோது, வரி தருவோர் எல்லைக்கு வெளியே போனார்கள். பிரிவால் நட்டப்பட்டது நகரமே.

நகர நீதிமன்றமாக அது இன்னும் அரை நூற்றாண்டு நடந்தது. 1878-இல் இளைஞர் லூயி பிராண்டைஸ் இங்கேதான் வழக்கறிஞராகப் பதிவுசெய்துகொண்டார். 1916-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதியானவர் அவர். 1930-இல் சற்று மேற்கே பன்மாடி சிவில் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. பழங்கால ஹாலிகார்னாசஸ் கல்லறை மாளிகையை நினைவூட்டும் கூரை கொண்ட அந்தக் கட்டடத்துக்கு நீதிபதிகள் குடிபெயர்ந்தார்கள்.

உடனே பழைய பத்திரம் வெளியே வந்தது. நீதிமன்றமாக இல்லாத நிலம் கொடுத்தவர்களிடமே திரும்ப வேண்டும் என்று ஷூத்தோ, லூக்கஸ் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் வழக்குத் தொடுத்தார்கள். 114 ஆண்டுக்கு முந்தைய ‘என்றைக்கும்’ என்ற சொல்லே அவர்கள் ஆதாரம். அவர்கள் வெல்லவில்லை, கட்டடம் நகரத்திடமே நின்றது.

நினைவிடமாக

1935 டிசம்பரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், ஜெபர்சனையும் மேற்குநோக்கிய விரிவாக்கத்தையும் நினைவுகூரும் தேசிய நினைவிடத்தை ஆற்றங்கரையில் அமைக்க ஆணையிட்டார். ஏறத்தாழ 40 தெருப்பகுதிகள் இடிக்கப்பட்டன. 1849-இன் தீக்குப் பின் எழுந்த வார்ப்பிரும்பு முகப்புள்ள வணிகக் கட்டடங்கள் அவற்றோடு போயின. கட்டடக் கலை வரலாற்றாளர் சிக்பிரீட் கீடியன் போன்றோர் வியந்த வரிசை அது. 1834-இன் பழைய பேராலயமும் பழைய நீதிமன்றமும் தப்பின. 1940-இல் நீதிமன்றம் தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வந்தது.

நினைவிடத்துக்கான போட்டியில் 1948-இல் ஈரோ சாரினென் வென்றார். அவர் வடிவமைத்த 630 அடி உயர எஃகு வளைவு 1965 அக்டோபரில் முழுமையடைந்தது. வளைவின் நடுக்கோடும் நீதிமன்றக் குவிமாடத்தின் நடுக்கோடும் ஒன்றே. ஆற்றின் கிழக்குக் கரையிலிருந்து பார்த்தால் வளைவுக்குள் குவிமாடம் சட்டமிட்ட படம்போல் அமர்ந்திருக்கும். ரம்போல்டின் இரும்பும் சாரினெனின் எஃகும் ஒரு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே கோட்டில் நிற்கின்றன. 2018-இல் நினைவிடம் ‘கேட்வே ஆர்ச் தேசியப் பூங்கா’ என்று பெயர் மாறியது.

2012-இல் நீதிமன்ற வளாகத்தில் ட்ரெட், ஹேரியட் இருவரின் வெண்கலச் சிலை நிறுவப்பட்டது; சிற்பி ஹாரி வெபர். இருவரும் கைகோத்து நிற்கிறார்கள். நெடுநாள் ட்ரெட்டின் பெயரால் மட்டுமே அறியப்பட்ட வழக்கில் ஹேரியட்டும் தன் மனுவோடு வந்தவர் என்பதை அந்தச் சிலை நினைவூட்டுகிறது. பல ஆண்டு சீரமைப்புக்குப் பின் 2025 மே மாதம் கட்டடம் மீண்டும் திறந்தது. மின்தூக்கியும் புதிய காற்றுப்பதன வசதியும் வந்தன. விடுதலை வழக்குகள், ஸ்காட் குடும்பம், கட்டடத்தின் வடிவமைப்பு ஆகியவற்றுக்குக் காட்சிக்கூடங்கள் அமைந்தன. மேல்தளத்தின் நீதிமன்றக் கூடங்கள் பழைய தோற்றத்தில் காக்கப்பட்டிருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் அங்கே ஸ்காட் வழக்கை நடித்துப் பார்க்கிறார்கள்.

ஷூத்தோவும் லூக்கஸும் விதித்த நிபந்தனையில் எஞ்சியது இவ்வளவே. நிலத்தைப் பெற்ற கவுண்டி போய்விட்டது, நீதிபதிகளும் போய்விட்டார்கள். அந்தச் சதுக்கத்தில் நிற்கும் கட்டடத்தை இன்றைக்கும் ஊரார் ‘கோர்ட் ஹவுஸ்’ என்றே அழைக்கிறார்கள்.